இறங்கு, மாறு, ஏறு

1950-ம் வருடம். மாட்ரிடிலிருந்து பாரிஸுக்கு ரயிலில் போய்க்கொண்டிருக்கிறீர்கள். பிடாசோவா என்கிற சின்ன ஆற்றின் பாலத்தைத் தாண்டி ரயில் நிற்கிறது. ஊர் பெயர் ஆந்தாய். பிரான்ஸ் வந்துவிட்டது. எல்லாரும் இறங்க வேண்டும். பெட்டி, படுக்கை, தூங்குகிற குழந்தை என்று சகலத்தையும் தூக்கிக்கொண்டு, பாஸ்போர்ட்டைக் காட்டி, சுங்கத்தைத் தாண்டி, வேறொரு ரயிலில் ஏறவேண்டும்.

ஏன், வந்த ரயில் ரிப்பேரா? இல்லை. அதற்குமேல் போனால் சக்கரம் தண்டவாளத்தில் உட்காராது.

ஸ்பெயினில் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே இடைவெளி கிட்டத்தட்ட 1670 மில்லிமீட்டர். பிரான்ஸில் 1435. சுமார் ஒன்பது அங்குல வித்தியாசம். மீட்டர்கேஜ் காலத்தில் நம்மூர் ஜங்ஷன்களில் மூட்டை முடிச்சோடு ஓடியவர்களுக்கு இந்தக் கடுப்பு புரியும். (நம்முடைய பிராட்கேஜ் 1676. ஸ்பெயின்காரர்களுக்கும் நமக்கும் சில மில்லிமீட்டர்தான் வித்தியாசம்!)

இதற்கு ஒரு கதை சொல்வார்கள். 1808-ல் நெப்போலியனின் படை ஸ்பெயினுக்குள் புகுந்தது. சூடு கண்ட பூனையான ஸ்பெயின், இன்னொரு முறை பிரெஞ்சு ராணுவம் ரயிலேறி வந்துவிடக்கூடாது என்று வேண்டுமென்றே பாதையை அகலமாகப் போட்டதாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 1844-ல் ஸ்பெயின் அரசுக்கு எஞ்சினியர்கள் கொடுத்த அறிக்கையில் சொன்ன காரணம் வேறு. பாதை அகலமாக இருந்தால் பெரிய பாய்லர் வைக்கலாம், எஞ்சினுக்கு இழுவை கூடும். அவ்வளவுதான். ஆறு காஸ்டிலிய அடி என்று முடிவு செய்தார்கள். அண்டை வீட்டுக்காரனின் அளவு என்னவென்று யாரும் பெரிதாகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

இதே ஆந்தாய் ஸ்டேஷனுக்கு 1940 அக்டோபர் 23 அன்று ஹிட்லர் வந்தார். ஸ்பெயினின் சர்வாதிகாரி ஃபிராங்கோவைச் சந்திக்க. இவர் ஓர் அளவுத் தண்டவாளத்தில் வந்தார், அவர் வேறு அளவில் வந்தார், அதுவும் லேட்டாக. ஹிட்லரின் பெட்டியில் உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசினார்கள். ஸ்பெயினை முழுசாக யுத்தத்துக்குள் இழுக்க ஹிட்லரால் முடியவில்லை.

மனிதர்களாவது தாங்களே இறங்கி ஏறிக்கொள்வார்கள். சரக்கு? இதே எல்லையின் கிழக்குக் கோடியில், மத்தியதரைக் கடலோரம், செர்பேர் என்று ஒரு பிரெஞ்சு ஊர். ஸ்பெயினிலிருந்து ஆரஞ்சுப் பழங்கள் அகல ரயிலில் வந்து குவியும். அத்தனையையும் கூடை கூடையாகச் சுமந்து பிரெஞ்சு வேகனுக்கு மாற்றியது பெண்கள். ஐரோப்பா காலையில் குடித்த ஆரஞ்சு ஜூஸுக்குப் பின்னால் இவர்களுடைய முதுகு இருந்தது. 1906-ல் கூலியை உயர்த்தக் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். இரண்டு அரசாங்கங்கள் ஒன்பது அங்குலத்தில் ஒத்துப்போகாததால் பிறந்த வேலை அது. அந்த வேலைக்கும் ஒழுங்கான கூலி கிடையாது என்பதுதான் கொடுமை.

ஸ்பெயின் மட்டுமல்ல, மற்றவர்களும் தனிக்குடித்தனம்தான். பாதை ஒரே அகலமாக இருந்தாலும் மேலே ஓடுகிற மின்சாரம் ஊருக்கு ஊர் வேறு. ஜெர்மனியில் ஒரு வோல்ட், இத்தாலியில் இன்னொன்று, ஹாலந்தில் வேறொன்று. எல்லையில் எஞ்சினைக் கழற்றி மாட்டவேண்டும். நான்கு விதமான மின்சாரத்திலும் ஓடக்கூடிய ரயிலை ஸ்விட்சர்லாந்து 1961-ல்தான் ஓடவிட்டது.

பாரிஸைப் பாருங்கள். 19-ம் நூற்றாண்டில் ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென்று ஒரு ஸ்டேஷன் கட்டிக்கொண்டது. அதன் பலனை இன்றைக்கும் அனுபவிக்கிறோம். லண்டனிலிருந்து வருகிறவர் கார் து நோர் ஸ்டேஷனில் இறங்குவார். பார்சிலோனா போக கார் து லியோன் ஸ்டேஷனுக்கு ஓடவேண்டும். நடுவே மெட்ரோ. அதில் ரயில் பாஸ் செல்லாது, தனி டிக்கெட். குறித்துக்கொள்ளுங்கள்.

ஆக, தண்டவாளத்தை ஒன்றாக்க முடியவில்லை. மின்சாரத்தை ஒன்றாக்க முடியவில்லை. சரி, டிக்கெட்டையாவது ஒன்றாக்குவோம் என்று 1959-ல் முடிவு செய்தார்கள். யூரெயில் பாஸ். பதிமூன்று நாடுகள் சேர்ந்தன. ஒரே அட்டை. குறிப்பிட்ட நாட்களுக்குள் எந்த நாட்டில் வேண்டுமானாலும் ஏறலாம், இறங்கலாம். யூரோ நோட்டு கைக்கு வந்தது 2002-ல். அதற்கு 43 வருடம் முன்பே பதிமூன்று நாட்டு டிக்கெட் பரிசோதகர்களும் ஒரே காகிதத்துக்குத் தலையாட்டினார்கள். ஜனநாயகங்கள், நடுநிலை பேசும் ஸ்விட்சர்லாந்து, ஃபிராங்கோவின் ஸ்பெயின் எல்லாம் ஒரே பட்டியலில்! ஐரோப்பியப் பொருளாதாரக் கூட்டமைப்பில் ஸ்பெயினுக்கு இடம் கிடைக்க 1986 வரை ஆயிற்று.

தயாள குணமெல்லாம் இல்லை, இது வியாபாரம். ஆரம்பத்தில் பாஸ் முதல் வகுப்புக்கு மட்டும். ஐரோப்பியர்களுக்குக் கிடையாது, வெளியிலிருந்து வருகிறவர்களுக்குத்தான். அதாவது டாலர்.

பி.காம். படித்தவனுக்கு இங்கே ஒரு கேள்வி வரும். கல்லா ஒன்று, பங்காளிகள் பதிமூன்று. யாருக்கு எவ்வளவு? பாஸோடு ஒரு பயணக் குறிப்பேடு தருவார்கள். ஏறுகிற ஒவ்வொரு ரயிலையும் அதில் எழுதவேண்டும். எந்த நாட்டு ரயில் உங்களை எவ்வளவு தூரம் சுமந்தது என்கிற கணக்குக்கு அது உதவும். பயணிகளில் பலர் அதை டைரி என்று நினைத்தார்கள். அது லெட்ஜர். 2020-ல் மொபைல் பாஸ் வந்தபிறகு அந்த வேலையைச் செல்போன் பார்த்துக்கொள்கிறது.

சொந்த ஊர்ப் பையன்களுக்கு 1972-ல் விடிந்தது. சர்வதேச ரயில்வே சங்கத்துக்கு அந்த வருடம் ஐம்பது வயது. அதைக் கொண்டாட, 21 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இன்டர்ரெயில் என்று ஒரு பாஸ். 21 நாடுகள், ஒரு மாதம், பிரிட்டனில் விலை 27 பவுண்டு 50 பென்ஸ். அந்த ஒரு வருடத்துக்கு மட்டும் என்றுதான் ஆரம்பித்தார்கள். கூட்டம் விடவில்லை. ஹோட்டல் செலவை மிச்சம் பிடிக்க ராத்திரி ரயிலிலேயே தூங்கி ஒரு தலைமுறை ஐரோப்பாவைச் சுற்றியது. கம்யூனிஸ்ட் யூகோஸ்லாவியாவுக்கும் அந்த பாஸ் செல்லும். சொந்த நாட்டில் மட்டும் பாதிக் கட்டணம் கட்டவேண்டும். நியாயம்தானே, உள்ளூர் வருமானத்தை யார் விடுவார்கள்?

இப்போது வயது வரம்பு இல்லை. நீங்களும் நானும் இங்கிருந்தே யூரெயில் பாஸ் வாங்கலாம். 2019-லிருந்து பிரிட்டனும் சேர்த்தி. ஆனால் பாஸ் இருந்தால் விசா வேண்டாம் என்று எண்ணிவிடாதீர்கள். பிரான்ஸ், ஸ்பெயின், இத்தாலி அதிவேக ரயில்களில் முன்பதிவுக்குத் தனியாகப் பணம் கட்டவேண்டும். ஜெர்மனியிலும் ஸ்விட்சர்லாந்திலும் பெரும்பாலும் நேராகப் போய் ஏறலாம். அங்கேதான் பாஸின் அருமை தெரியும். இணைப்பு ரயிலைத் தவறவிட்டால் டிக்கெட் போச்சே என்று தலையில் கைவைக்க வேண்டாம். காபி குடித்துவிட்டு அடுத்ததில் போகலாம்.

ஸ்பெயின் என்னவாயிற்று? 1969-ல் பார்சிலோனாவுக்கும் ஜெனீவாவுக்கும் நடுவே தால்கோ ரயில் வந்தது. எல்லையில் மெதுவாக ஊர்ந்துபோகையிலேயே சக்கரங்களின் இடைவெளி மாறிக்கொள்ளும். பயணி சீட்டில் உட்கார்ந்தபடி இருக்கலாம். பிறகு பிரெஞ்சு அளவிலேயே அதிவேகப் பாதை போட்டு, 2013 டிசம்பரில் பாரிஸ்-பார்சிலோனா நேரடி ரயில் விட்டார்கள்.

கிழக்கில் அப்படி இல்லை. போலந்தின் தண்டவாளம் 1435. உக்ரைனுடையது, ரஷ்யப் பேரரசு விட்டுப்போன 1520. வித்தியாசம் 85 மில்லிமீட்டர். 2022 பிப்ரவரி 24-ல் ரஷ்யா படையெடுத்ததும் உக்ரைனின் அகல ரயில்கள் பெண்களையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு எல்லை தாண்டி பிஷெமிஷல் என்கிற போலந்து ஊரில் வந்து நின்றன. அதற்குமேல் அந்த ரயில் போகாது. எல்லாரும் இறங்கி, வரிசையில் நின்று, வேறு பிளாட்ஃபாரத்துக்குப் போய் ஏறவேண்டும். போலந்து ரயில்வே அவர்களிடம் டிக்கெட் கேட்கவில்லை. ஜெர்மனியும் இலவசமாகவே ஏற்றிக்கொண்டது. உக்ரைன் பாஸ்போர்ட்தான் அப்போது ரயில் பாஸ்.

யுத்தம் நடக்கும்போதே உக்ரைன் ஒரு காரியம் செய்தது. ஹங்கேரி எல்லையருகே, சோப் நகரத்திலிருந்து உஷ்ஹொரோத் வரை 1435 அளவில் புதுப்பாதை போட்டது. நீளம் வெறும் 22 கிலோமீட்டர். 2025 செப்டம்பரில் திறந்தார்கள். உஷ்ஹொரோதில் ஏறுகிற ஒரு பாட்டி இப்போது புடாபெஸ்ட் வரை அதே சீட்டில் உட்கார்ந்து போகலாம். பாஸ்போர்ட் சோதனை மட்டும் பழையபடி உண்டு.