சாமியறை முளையும் டார்வினும்

நவராத்திரிக்கு நயினாதீவு, வேலணைப் பக்கத்து வீடுகளில் கும்பம் வைத்து நவதானியம் போடுவார்கள். சாமியறை இருட்டில் முளைகள் வெளிர் மஞ்சளாய், மெலிந்து நீண்டு நிற்கும். "இந்த விஞ்ஞானமெல்லாம் எங்கட ஆக்களுக்கு அப்பவே தெரியும்" எண்டு சிலர் தொடங்குவினம். எனக்கு அதில் உடன்பாடில்லை. இருட்டில் முளை நீளும் எண்டது அம்மம்மாக்களுக்குத் தெரியும். ஏன் எண்டு கேட்டது வேற கதை.

1880இல் டார்வினும் மகன் பிரான்சிஸும் புல் முளையின் நுனியை மட்டும் மூடிப் பார்த்தார்கள். முளை வெளிச்சப் பக்கம் வளையவில்லை. ஒளியை உணர்வது நுனிதான். 1952இல் அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில்லில் லெட்டூஸ் விதைக்குச் சிவப்பு ஒளி காட்ட முளைத்தது. பிறகு தூரச்சிவப்பு காட்ட அடங்கியது. மாறி மாறிக் காட்டினாலும், கடைசியாய்ப் பட்ட நிறமே முடிவு செய்தது!

ஒளி படாத முளை, தான் இன்னும் மண்ணுக்குள் இருப்பது போலவே விதையின் சேமிப்பை உயரத்துக்குச் செலவழிக்கிறது. புறஊதாவின் வேலை இதற்கு எதிர்: தண்டைக் குட்டையாக்கும், வெயிலைத் தாங்கும் நிறமிகளைக் கூட்டும். அதை உணர்வது யூவிஆர்8 புரதம்தான் எண்டு உறுதியானது 2011இல்தான். சாமியறை முளையிடம் அந்த நிறமிகள் குறைவு. ஊர்காவற்றுறை மத்தியான வெயிலில் நேரே கொண்டுபோய் வைத்தால் வாடிப்போகும்.