லேக் வியூ ரோடு இருக்கு, லேக் எங்கே?

மேற்கு மாம்பலத்துல லேக் வியூ ரோடு இருக்கு. அந்த லேக் எங்கேன்னு யோசிச்சிருக்கீங்களா? பழைய மெட்ராஸ் மேப்ல அங்கே நீளமா ஒரு ஏரி. பேரே லாங் டேங்க். 1920கள்ல, நீதிக்கட்சி ஆட்சியில, வீட்டு மனைக்காக அதை வடியவிட்டுத் தூர்த்துத்தான் தி.நகரை உருவாக்கினாங்க. ஏரியின் நுங்கம்பாக்கம் பகுதியில 1976ல் வள்ளுவர் கோட்டம் வந்தது.

2015 டிசம்பர்ல செம்பரம்பாக்கத்துல 29,000 கனஅடி திறந்தப்போ, அடையாற்றங்கரையில எந்தத் தெரு முழுகும்னு சொல்ற வரைபடம் மக்கள் கையில இல்லை. 2019ல் சிஃப்ளோஸ் என்ற வெள்ள எச்சரிக்கை அமைப்பு வந்தது. நல்லதுதான். ஆனா, மழை வந்தப்புறம் பார்க்கிற மேப் பாதி வேலைதான். பிளான் அப்ரூவல் கொடுக்கிற மேசையிலயும் அது இருக்கணும். மனை வாங்குறவர் பட்டா, வில்லங்கம் எல்லாம் பார்க்கிறார். எத்தனை அடி தண்ணி நிக்கும்னு யார்கிட்ட கேட்பார்?