மயங்கியவர் வாயில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றலாமா? 'லோ சுகர்' வந்தால் என்ன செய்யணும்?

சுகர் மாத்திரையைப் போட்டுவிட்டு, வேலை அவசரத்தில் சாப்பிடாமல் விட்டால் என்ன ஆகும்? கை நடுங்கும், குப்பென்று வியர்க்கும், படபடப்பு வரும், பசி தாங்காது. இதுதான் 'லோ சுகர்'. உடனே கவனித்தால் சில நிமிடங்களில் சரியாகிவிடும். விட்டால் உயிருக்கே ஆபத்து.

எவ்வளவு இருந்தால் லோ சுகர்?

குளுக்கோமீட்டரில் 70-க்குக் கீழே காட்டினால் லோ சுகர். 54-க்குக் கீழே போனால் மூளைக்குப் போதிய குளுக்கோஸ் கிடைக்காது. பேச்சு குளறும், நடை தள்ளாடும். குடித்திருக்கிறார் என்றோ, பக்கவாதம் என்றோ பலரும் தப்பாக நினைப்பது இதனால்தான். மயங்கி வருபவருக்கு அவசர சிகிச்சைப் பிரிவில் உடனே விரலில் குத்தி சுகர் பார்ப்பதும் இதற்காகத்தான்.

நினைவு இருந்தால்?

3 டீஸ்பூன் குளுக்கோஸ் பவுடர் அல்லது சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடிக்கக் கொடுக்கணும். 15 நிமிடம் கழித்தும் 70-க்குக் கீழேயே இருந்தால் மறுபடி கொடுக்கணும். மீட்டர் இல்லையா? அறிகுறி இருந்தாலே கொடுத்துவிடலாம். சரியானதும் இட்லி, பிஸ்கட் என ஏதாவது சாப்பிட வேண்டும். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பால் சர்க்கரை மெதுவாகத்தான் ரத்தத்தில் ஏறும்.

வோக்லிபோஸ், அகார்போஸ் மாத்திரை எடுப்பவர்களுக்கு வீட்டுச் சர்க்கரை சீக்கிரம் வேலை செய்யாது. அவர்கள் குளுக்கோஸ் பவுடரையே கையில் வைத்திருக்க வேண்டும்.

நினைவு இல்லாவிட்டால்?

வாயில் எதையும் ஊற்றவே கூடாது. மூச்சுக்குழாய்க்குள் போய் அடைத்துவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு, உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

மருத்துவமனையில் என்ன செய்வார்கள்?

நரம்பு வழியாக டெக்ஸ்ட்ரோஸ் எனும் குளுக்கோஸ் ஏற்றுவார்கள். 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் என்றால் 100 மில்லி. அதில் 25 கிராம் குளுக்கோஸ் இருக்கும். பெரும்பாலானோர் சில நிமிடங்களிலேயே கண் விழித்துவிடுவார்கள். ஊசி போட நரம்பு கிடைக்காவிட்டால், 1 மில்லிகிராம் குளுக்ககான் ஊசியைத் தசையில் போடுவார்கள். கல்லீரலில் சேமித்து வைத்த சர்க்கரையை இது வெளியே விடச் செய்யும். பட்டினி கிடந்தவர்களுக்கும் அதிகம் மது குடித்தவர்களுக்கும் அந்தச் சேமிப்பு குறைவு என்பதால், இது சரியாகப் பலன் தராது.

கண் விழித்ததும் வீட்டுக்குப் போகலாமா?

இங்கேதான் பலரும் தப்பு செய்கிறார்கள். ஏற்றிய குளுக்கோஸ் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஆனால் கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளும், நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலினும் உடலில் இருந்துகொண்டே இருக்கும். சில மணி நேரத்தில் சுகர் மறுபடி இறங்கலாம். வயதானவர்களுக்கும் கிட்னி பாதிப்பு உள்ளவர்களுக்கும் இந்த ஆபத்து அதிகம். அதனால் டாக்டர் 'ஒரு நாள் இருங்க' என்றால் இருந்துதான் ஆகணும்.

வீடு திரும்பும் முன் சுகர் ஏன் இறங்கியது, மாத்திரை அளவை மாற்ற வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். பயத்தில் நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.