ஏவ்பரி நடைவழியும் தொல்சின்னப் பாதுகாப்பின் வரலாறும்

முன்னுரை

இங்கிலாந்தின் தென்பகுதியிலுள்ள வில்ட்ஷயரில், ஏவ்பரி என்னும் சிற்றூரைச் சூழ்ந்த சில கிலோமீட்டர் பரப்பில், புதிய கற்காலத்தையும் வெண்கலக் காலத்தையும் சேர்ந்த தொல்சின்னங்கள் செறிந்துள்ளன. 1986-ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் இந்நிலப்பரப்பை ஸ்டோன்ஹெஞ்சுடன் சேர்த்து உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. ஸ்டோன்ஹெஞ்ச் பெற்ற புகழை ஏவ்பரி பெறவில்லை. எனினும் தொல்சின்னங்களைத் தனித்தனிப் பொருள்களாக அல்லாமல், ஒரு நிலத்தின் உறுப்புகளாகக் காண விழைவோர்க்கு இதனினும் சிறந்த பாடசாலை அரிது. வேலியிட்ட ஒற்றைச் சின்னத்தைச் சுற்றிப் பார்த்துத் திரும்பும் வழக்கம் இங்கு இல்லை. குன்றிலிருந்து பள்ளத்தாக்கிற்கும், புதைமேட்டிலிருந்து கல்வட்டத்திற்கும் வயல்களின் ஊடே நடந்தே செல்ல வேண்டும்.

அந்நடைவழியின் வரிசையிலேயே இச்சின்னங்களை அறிமுகப்படுத்தி, அவை அழிந்த முறையையும் எஞ்சிய முறையையும் இக்கட்டுரை ஆராய்கிறது. அவ்வரலாற்றிலிருந்து தமிழகப் பெருங்கற்காலச் சின்னங்களின் பாதுகாப்பிற்குப் பெறத்தக்கவை எவை என்பது இறுதிப் பகுதியில் சுட்டப்படுகிறது.

ஓவர்ட்டன் குன்றிலிருந்து சில்பரி வரை

நடைவழி ஓவர்ட்டன் குன்றில் தொடங்குகிறது. 1973-இல் தேசிய நடைபாதையாகத் திறக்கப்பட்ட ரிட்ஜ்வே என்னும் நெடும்பாதையின் மேற்கு முனையும் இதுவே. அருகில் வெண்கலக் காலத்து வட்டப் புதைமேடுகள் புல் மூடி நிற்கின்றன. சாலைக்கு அப்பால் ‘சாங்க்சுவரி’ எனப்படும் இடம் உள்ளது. முதலில் மரத்தூண் வட்டங்களும் பின்னர்க் கல்வட்டங்களும் அமைந்திருந்த இவ்விடத்தில் இன்று ஒரு கல்லும் இல்லை. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கற்கள் பெயர்த்து எடுக்கப்பட்டன. அவ்வழிவை நேரில் கண்டு வருந்திக் குறித்து வைத்தவர் வில்லியம் ஸ்டக்லி. அதற்கு முந்திய நூற்றாண்டில் மார்ல்பரோவைச் சேர்ந்த டூப் என்னும் மருத்துவர் இதன் அருகிலிருந்த புதைகுழிகளைத் தோண்டி, மனித எலும்புகளை மருந்து செய்வதற்காக எடுத்துச் சென்றார். 1930-இல் மோட் கன்னிங்டன் அகழ்ந்த பின்னரே கற்களும் தூண்களும் நின்ற குழிகள் மீண்டும் அறியப்பட்டன. இன்று அக்குழிகளின் மேல் சிறு கான்கிரீட் கட்டைகள் பதிக்கப்பட்டுள்ளன. வழிநடப்போர் முதலில் காண்பது இல்லாமையின் அடையாளத்தையே.

அங்கிருந்து கென்னட் ஆற்றங்கரை வழியாக மேற்கே சென்று, எதிர்ப்புறச் சரிவில் ஏறினால் வெஸ்ட் கென்னட் நெடும்புதைமேடு தோன்றுகிறது. ஏறத்தாழ 100 மீட்டர் நீளமுள்ள இம்மேட்டின் கிழக்கு முனையில் சார்சன் என்னும் கடினமான மணற்கற்களால் ஐந்து அறைகள் அமைக்கப்பட்டுள்ளன. 1859-இல் ஜான் தர்னமும், 1955-56-இல் ஸ்டூவர்ட் பிகட், ரிச்சர்ட் அட்கின்சன் ஆகியோரும் இதனை அகழ்ந்தனர். ஏறத்தாழ 46 பேரின் எலும்புகள் கிடைத்தன. குழந்தைகளும் முதியோரும், ஆண்களும் பெண்களும் அவர்களுள் அடங்குவர். மண்டையோடுகளும் நீண்ட எலும்புகளும் எதிர்பார்த்த எண்ணிக்கையில் இல்லாமையால், பிற்காலத்தில் அவை வெளியே எடுத்துச் செல்லப்பட்டிருக்கலாம் எனக் கருதப்பட்டது.

நெடுங்காலம் இம்மேடு பல நூற்றாண்டுகள் தொடர்ந்து பயன்பட்ட குலக் கல்லறை என்று விளக்கப்பட்டது. 2007-இல் வெளியான கதிரியக்கக் கரிமக் காலக்கணிப்பு அவ்விளக்கத்தை மாற்றியது. முதன்மை அடக்கங்கள் கி.மு. 37-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், ஒரு தலைமுறையளவான குறுகிய காலத்தில் நிகழ்ந்தவை என அது காட்டியது. அறைகள் பின்னரும் திறந்தே இருந்தன. பல நூற்றாண்டுகளாக மண்ணும் சுண்ணப்பாறைத் துகளும் மட்கலத் துண்டுகளும் அவற்றில் இட்டு நிரப்பப்பட்டன. இறுதியில் பெருங்கற்களால் வாயில் அடைக்கப்பட்டது. அடக்கம் செய்தவர்கள் சில பதின்ம ஆண்டுகளுக்கே வந்தனர். நினைவுகூர்ந்தவர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வந்துகொண்டிருந்தனர்.

இம்மேட்டிலிருந்து வடக்கே நோக்கினால் சில்பரிக் குன்று தெரிகிறது. ஏறத்தாழ 39 மீட்டர் உயரமும், அடியில் ஏறத்தாழ 160 மீட்டர் விட்டமும் உடைய இது மனிதர் கட்டியது. கி.மு. 2400-ஐ ஒட்டிய காலத்தில், பல கட்டங்களாக, மண்ணும் சுண்ணப்பாறையும் குவித்து எழுப்பப்பட்டது. பெருஞ்செல்வம் உடைய அரசனின் கல்லறை என்னும் நம்பிக்கையால் இக்குன்று மும்முறை குடையப்பட்டது. 1776-இல் உச்சியிலிருந்து ஒரு செங்குத்துக் குழியும், 1849-இல் பக்கவாட்டில் ஒரு சுரங்கமும் தோண்டப்பட்டன. 1968 முதல் 1970 வரை அட்கின்சன் நடத்திய அகழாய்வு தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. கல்லறையோ செல்வமோ கிடைக்கவில்லை. கிடைத்தது குன்றிற்கு நேர்ந்த கேடு. 2000-ஆம் ஆண்டு 1776-இன் குழி உள்வாங்கி, உச்சியில் பெரும்பள்ளம் உண்டாயிற்று. 2007-08-இல் பழைய சுரங்கங்களை மீண்டும் திறந்து, ஆய்ந்து, சுண்ணப்பாறை இட்டு நிரப்பிய பின்னரே குன்று உறுதி பெற்றது. உரோமானியர் தம் நெடுஞ்சாலையைக் குன்றிற்கு விலகி வளைத்து அமைத்தனர். குன்றினுள் நுழைந்தவர்கள் அதனைப் போற்றியதாகச் சொன்ன பிற்காலத்தவரே.

கல்வழியும் கல்வட்டமும்

சில்பரியிலிருந்து வேடன் குன்றைக் கடந்தால் வெஸ்ட் கென்னட் கல்வழி. சாங்க்சுவரியையும் ஏவ்பரியையும் இணைத்து, ஏறத்தாழ 2.4 கிலோமீட்டர் தொலைவிற்கு, இருமருங்கும் இணைகற்கள் நின்ற வழி இது. இன்று அதன் வடபகுதி மட்டுமே நிமிர்ந்து நிற்கிறது. அதன் முடிவில் ஏவ்பரியின் அகழியும் கரையும் எழுகின்றன. ஏறத்தாழ 420 மீட்டர் விட்டமுள்ள இவ்வளாகத்துள், ஒரு காலத்தில் ஏறத்தாழ 100 கற்களைக் கொண்டிருந்த வெளிவட்டமும், இரு உள்வட்டங்களும் அமைந்துள்ளன. மான்கொம்புகளைக் கருவியாகக் கொண்டு தோண்டப்பட்ட அகழி தொடக்கத்தில் ஏறத்தாழ 9 மீட்டர் ஆழமுடையதாய் இருந்தது. ஊரின் ஒரு பகுதியும், சாலையும், விடுதியும் இன்றும் இவ்வட்டத்துள்ளேயே உள்ளன.

கற்கள் குறைந்தது இரு காலங்களில் நிகழ்ந்த செயல்களால். 14-ஆம் நூற்றாண்டளவில் பல கற்கள் சாய்க்கப்பட்டு, அருகிலேயே குழிதோண்டிப் புதைக்கப்பட்டன. 1938-இல் அவ்வாறு புதைந்த ஒரு கல்லின் அடியில் ஓர் ஆணின் எலும்புக்கூடு கிடைத்தது. கத்தரிக்கோலும், மருத்துவக் கருவி எனத் தோன்றிய ஒன்றும், 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து நாணயங்களும் அவனிடம் இருந்தன. புதைக்கப்பட்ட கல் கெடாமல் இருந்தது. ஆனால் 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் நடந்தது வேறு. கல்லின் அடியில் குழிவெட்டி, வைக்கோல் இட்டு எரித்து, சூடேறிய கல்லின் மேல் கோடாகத் தண்ணீர் ஊற்றிச் சம்மட்டியால் பிளந்தனர். அத்துண்டுகள் வீடுகளுக்கும் மதில்களுக்கும் கட்டுமானக் கல் ஆயின. அச்சத்தால் புதைத்தவர்கள் கற்களைத் தம்மை அறியாமலே காத்தனர். பயன் கருதி உடைத்தவர்கள் எதையும் எஞ்சவிடவில்லை.

கண்டவர்களும் காத்தவர்களும்

ஏவ்பரியின் சிறப்பை முதலில் உணர்ந்து எழுதியவர் ஜான் ஆப்ரி. 1649-இல் வேட்டைக்குச் சென்ற வழியில் அவர் இவ்வட்டத்தைக் கண்டார். 1663-இல் அரசர் இரண்டாம் சார்லசை அழைத்து வந்து காட்டினார். 1719 முதல் 1724 வரை ஆண்டுதோறும் வந்து, நடந்து, அளந்து, வரைந்தவர் ஸ்டக்லி. 1743-இல் வெளியான தம் நூலில் அவர் இவ்வமைப்பு முழுவதையும் துரூயிதர் என்னும் பழங்குருமார் அமைத்த பாம்பு வடிவக் கோயில் என்று விளக்கினார். அக்கோட்பாடு இன்று ஏற்கப்படுவதில்லை. ஆனால் அவருடைய அளவுகளும் வரைபடங்களும் நிலைபெற்றுள்ளன. மேற்கே பெக்காம்ப்டன் நோக்கி மற்றொரு கல்வழி சென்றது என அவர் எழுதியது நெடுங்காலம் ஐயுறப்பட்டது. 1999-இல் நடந்த அகழாய்வில் அவ்வழியின் கற்குழிகளும் புதைந்த கற்களும் வெளிப்பட்டன. கோட்பாடு தவறியவரின் குறிப்பேடு தவறவில்லை என்பது களஆய்வு மேற்கொள்ளும் ஒவ்வொருவரும் கருதத்தக்கது.

அடுத்த கட்டம் நிலவுரிமை பற்றியது. 1871-இல் கல்வட்டத்துள் வீடுகள் கட்டுவதற்காக நிலம் விற்கப்படவிருந்த நிலையில், நாடாளுமன்ற உறுப்பினரும் அறிஞருமாகிய ஜான் லப்பக் அதனை விலைக்கு வாங்கினார். எல்லாவற்றையும் விலைக்கு வாங்க இயலாது என்பதையும் அவர் அறிந்திருந்தார். 1873 முதல் அவர் கொண்டுவந்த சட்ட முன்வரைவு, தனியார் சொத்துரிமையில் தலையிடுகிறது என்னும் காரணத்தால் மீண்டும் மீண்டும் தடைப்பட்டது. 1882-இல் நிறைவேறிய தொல்சின்னப் பாதுகாப்புச் சட்டம் உடையவரின் இசைவையே பெரிதும் சார்ந்திருந்தது. ஆயினும் அதன் பட்டியலில் ஏவ்பரி, சில்பரி, வெஸ்ட் கென்னட் ஆகியவை இடம்பெற்றன.

மூன்றாம் கட்டம் மீட்டமைப்பு. மார்மலேட் வணிகக் குடும்பத்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் கெய்லர் ஏவ்பரியில் நிலங்களை வாங்கி, 1934-35-இல் கல்வழியையும் 1937-39-இல் கல்வட்டத்தையும் அகழ்ந்தார். புதைந்த கற்களை எடுத்து அவற்றின் பழைய குழிகளிலேயே நிறுத்தினார். உடைந்து போனவற்றின் இடத்தில் புதுக்கல் நடாமல் கான்கிரீட் குறிகளை வைத்தார். எது பழையது, எது இழந்தது என்பதைப் பார்ப்பவர் பிரித்தறிய முடிகிறது. அவ்வகையில் இது நேர்மையான மீட்டமைப்பு. ஆனால் அதே திட்டத்தில் வட்டத்துள்ளிருந்த வீடுகள் சிலவும் இடிக்கப்பட்டன. 1943-இல் தேசிய அறக்கட்டளை இந்நிலத்தைப் பெற்ற பின்னரும் குடியிருப்பை அகற்றும் போக்கு சிறிது காலம் தொடர்ந்தது; குடிகள் பலர் அருகிலுள்ள ஏவ்பரி டிரஸ்லோவிற்கு இடம்பெயர்ந்தனர். உடைத்த கற்களால் கட்டிய வீடுகளும் அவ்வூரின் வரலாறே. ஒரு காலத்தின் சின்னத்தை நிமிர்த்துவதற்கு மற்றொரு காலத்தின் வாழ்வை அகற்றலாமா என்னும் வினாவிற்கு ஏவ்பரி விடை தரவில்லை. வினாவை மட்டும் தெளிவாக எழுப்பியுள்ளது.

இவற்றிற்கெல்லாம் அடிப்படையாக உள்ளது நடக்கும் உரிமை. 1949-ஆம் ஆண்டுச் சட்டம், மக்கள் வழக்கமாக நடந்துவந்த பாதைகளை ஆய்ந்து அதிகாரபூர்வ வரைபடங்களில் பதியும் கடமையை மாவட்ட மன்றங்களுக்கு விதித்தது. பதியப்பட்ட பாதை தனியார் வயலின் ஊடே சென்றாலும் அதில் நடப்பது மக்கள் உரிமை. வயலின் நடுவே செல்லும் பாதையை உழவர் உழ நேரிடினும் அதனை மீட்டமைத்துத் தர வேண்டும். சின்னம் இருக்கும் புள்ளியை மட்டுமன்றிச் சின்னத்திற்குச் செல்லும் வழியையும் சட்டம் அறிந்திருப்பதே இந்நிலப்பரப்பின் தனிச்சிறப்பு.

தமிழகத் தொடர்பு

19-ஆம் நூற்றாண்டில் மெடோஸ் டெய்லர் போன்றோர் தென்னிந்தியக் கல்வட்டங்களையும் பிரித்தானியக் கல்வட்டங்களையும் ஒரே இனமரபின் படைப்புகளாகக் கருதினர். காலக்கணிப்பு அதற்கு இடந்தரவில்லை. ஏவ்பரியின் கற்கள் இரும்பை அறியாத மக்கள் நிறுத்தியவை. தென்னிந்தியப் பெருங்கற்சின்னங்களுள் பெரும்பாலானவை இரும்புக் காலத்தவை. ஆகவே இவற்றிடையே உறவு தேடுவது பொருந்தாது.

மெய்யான தொடர்பு ஆய்வு வரலாற்றில் உள்ளது. கற்காலத்தைப் பழைய கற்காலம், புதிய கற்காலம் எனப் பகுத்துப் பெயரிட்டவர் ஏவ்பரியை வாங்கிய லப்பக்கே. அப்பெயர்களை அவர் 1865-இல் வெளியிடுவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே, 1863-இல், இராபர்ட் புரூஸ் பூட் பல்லாவரத்தில் கற்கருவியைக் கண்டெடுத்திருந்தார். கெய்லருடன் கல்வழியில் பணிபுரிந்த பிகட், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இந்தியாவில் இருந்து, 1950-இல் இந்தியத் தொல்பழங்காலம் பற்றிய நூலை வெளியிட்டார். கர்சன் காலத்தில் 1904-இல் இந்தியாவிற்கெனத் தொல்சின்னச் சட்டம் இயற்றப்பட்டது. சுதந்திரத்திற்குப் பின் 1958-இன் நடுவண் சட்டமும், 1966-இன் தமிழகச் சட்டமும் வந்தன. 2010-இன் திருத்தம் நடுவண் அரசு காக்கும் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டரைத் தடைசெய்யப்பட்ட பகுதியாகவும், அதற்கப்பால் 200 மீட்டரை ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதியாகவும் வகுத்தது. இது பயனுடையதே. ஆனால் இது சின்னத்தை ஒரு புள்ளியாகக் கொண்டு அளக்கும் முறை.

தமிழகத்தின் பெருங்கற்சின்னங்கள் புள்ளிகளாக அமைந்தவை அல்ல. சானூர், குன்னத்தூர் போன்ற செங்கற்பட்டுப் பகுதி ஈமக்காடுகள் குன்றடிகளிலும் ஏரிகளை ஒட்டிய மேட்டு நிலங்களிலும் பரந்து கிடப்பவை. குடியிருப்பு, நீர்நிலை, ஈமக்காடு, அவற்றை இணைக்கும் வழி என்னும் நான்கும் சேர்ந்தே அவற்றின் பொருளைத் தருகின்றன. ஈமமுறைகள் பலவற்றை மணிமேகலை ஒருங்கே எண்ணிச் சொல்வதும், சங்கப் பாடல்கள் நடுகற்களையும் பதுக்கைகளையும் வழிச்செல்வோர் காணும் காட்சிகளாகவே பெரிதும் அமைப்பதும் இங்கு நினைக்கத்தக்கன. இக்கற்களும் கல்குவாரிகளுக்கும் மனைப்பிரிவுகளுக்கும் இரையாகின்றன. வைக்கோலும் சம்மட்டியும் செய்ததைப் பொக்லைன் எந்திரம் ஒரே பகலில் செய்துவிடுகிறது.

முடிவுரை

ஏவ்பரியின் வரலாறு மூன்று செய்திகளைத் தருகிறது. முதலாவது, பதிவு விளக்கத்தினும் நெடிது வாழ்கிறது. ஆகவே ஈமக்காடுகளை அகழும் வாய்ப்புக்குக் காத்திராமல், ஒவ்வொரு கல்லையும் அளந்து வரைந்து வைப்பது உடனடிப் பணி. இரண்டாவது, சின்னத்தைக் காக்கும் திட்டம் அங்கு வாழும் ஊராரை எதிராக நிறுத்துமாயின், அது தன் இயற்கைக் காவலரை இழக்கிறது. ‘பாண்டவர் குழி’, ‘குரக்குப்பட்டடை’ என்று பெயரிட்டு அக்கற்களை நினைவில் வைத்தவர்கள் அவ்வூராரே. மூன்றாவது, வழியும் ஒரு சின்னம். கிராம வரைபடங்களில் வண்டிப்பாதைகளும் ஒற்றையடிப்பாதைகளும் இன்னும் குறிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஈமக்காடுகளை அடையும் பாதைகளை இனங்கண்டு, பொதுவழியாக நிலைநிறுத்துவதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. மக்கள் நடந்து செல்லும் இடத்தில் ஒரு கல் காணாமற் போனால் அன்றே தெரிந்துவிடும். நடப்பார் அற்ற இடத்தில் காடு முழுவதும் மறைந்தாலும் கேட்பார் இரார்.