கல்லறைக் கல்லுக்கு முன் ஒரு காகிதம்

கண்டியிலும் திருகோணமலையிலும் உள்ள போர்க்கால மயானங்களைப் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். அங்கே அதிகாரிக்குப் பெரிய கல்லும் சிப்பாய்க்குச் சிறிய கல்லும் இல்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இலங்கையில் இறந்த பிரித்தானியர், கிழக்காபிரிக்கர், இந்தியர், இலங்கையர் யாவரும் ஒரே சீரான நினைவுக்கற்களின் கீழ் உறங்குகின்றனர். அவர்களில் எல்லோரும் போர்முனையில் வீழ்ந்தவர்களுமல்லர். மலேரியாவால் மாண்டவர்கள் உண்டு. காட்டு யானையால் கொல்லப்பட்ட ஒருவரும் கண்டி மயானத்தில் இருக்கிறார்.

யானையால் இறந்தவருக்குப் போர்வீரர் கல்லறை கிடைத்திருக்க, களத்தில் நச்சுப்புகையைச் சுவாசித்து நுரையீரல் கெட்டு வீடு திரும்பிச் செத்த எத்தனையோ பேருக்கு அது கிடைக்கவில்லை. இந்த முரண்பாட்டுக்குக் காரணம் வீரமோ கோழைத்தனமோ அல்ல. விதிகளும் பதிவேடுகளுமே காரணம். மறக்கப்பட்ட ஒரு போர்வீரனின் மரணத்தை ஆராய்ந்து அவனுக்கு உத்தியோகபூர்வ அங்கீகாரம் பெற்றுக்கொடுக்க முனைபவர்கள் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

இக்கல்லறைகளைப் பராமரிப்பது பொதுநலவாயப் போர்க் கல்லறைகள் ஆணைக்குழு. முதலாம் உலகப்போரில் செஞ்சிலுவைச் சங்கத்தின் நோயாளர் ஊர்திப் பிரிவொன்றுக்குத் தலைமை வகித்த ஃபேபியன் வெயர் என்பவர், இறந்தவர்களின் புதைகுழிகள் பதிவின்றி அழிந்துபோவதைக் கண்டு தொடங்கிய முயற்சியே அதன் வேர். 1917 மே 21ஆம் திகதி அரச சாசனத்தின் மூலம் பேரரசுப் போர்க் கல்லறைகள் ஆணைக்குழு உருவானது. இன்றைய பெயரை அது 1960இல் பெற்றது. இரு உலகப் போர்களிலும் இறந்த ஏறத்தாழ 17 இலட்சம் பேரை அது நினைவுகூர்கிறது. பதவி, இனம், மதம் என்ற பேதமின்றி ஒவ்வொருவரும் பெயர் சொல்லி நினைவுகூரப்பட வேண்டும் என்பது அதன் அடிப்படைக் கொள்கை.

யாருக்கு இந்த உரிமை உண்டு என்பதைத் தீர்மானிப்பவை முதலில் திகதிகள். முதலாம் உலகப்போருக்கு 1914 ஓகஸ்ட் 4 முதல் 1921 ஓகஸ்ட் 31 வரை. இரண்டாம் உலகப்போருக்கு 1939 செப்டெம்பர் 3 முதல் 1947 டிசெம்பர் 31 வரை. இக்காலத்தில் சேவையில் இருக்கும்போது இறந்தால், எக்காரணத்தால் இறந்தாலும் போதும். இராணுவ நீதிமன்றத்தின் தீர்ப்பால் சொந்தப் படையினராலேயே சுட்டுக்கொல்லப்பட்டவர்களுக்கும் அங்கே இடமுண்டு. முதலாம் உலகப்போரில் அவ்வாறு கொல்லப்பட்ட 306 பேருக்குப் பிரித்தானிய அரசு பொதுமன்னிப்பு வழங்கியது 2006இல்தான். ஆனால் ஆணைக்குழுவின் கற்கள் அதற்குப் பல தசாப்தங்கள் முன்பே அவர்களை மற்றவர்களோடு சமமாக வைத்திருந்தன.

சிக்கல், சேவையிலிருந்து விடுவிக்கப்பட்ட பின் இறந்தவர்கள் விடயத்தில் எழுகிறது. அவர்கள் அதே காலவரம்புக்குள் இறந்திருக்க வேண்டும். மரணத்துக்கான காரணம் போர்ச்சேவையால் ஏற்பட்டது அல்லது மோசமடைந்தது என்பதும் நிரூபிக்கப்பட வேண்டும். 1921 ஓகஸ்ட் 31 இரவு இறந்தவர் போரில் மடிந்தவர். மறுநாள் காலை அதே நோயால் இறந்தவர் சாதாரணக் குடிமகன். சட்டம் எங்காவது ஒரு கோடு போடத்தான் வேண்டும். ஆயினும் அக்கோட்டின் இருபுறமும் இருப்பவை ஒரே துயரம் என்பதையும் மறுக்க முடியாது.

காசநோயுடன் விடுவிக்கப்பட்டுத் தன் ஊரில், தன் வீட்டில், சில மாதங்களில் இறந்துபோன ஒரு சிப்பாயை எண்ணிப் பாருங்கள். அவர் படைமுகாமில் இறக்கவில்லை. எனவே படைப்பிரிவு அறிக்கை அனுப்பவில்லை. உறவினர் ஊர் மயானத்தில் அடக்கம் செய்தனர். ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும் என்று எவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. இவ்வாறு விடுபட்ட பெயர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. ‘இன் ஃப்ரம் த கோல்ட்’ என்ற பெயரில் பிரித்தானியாவில் இயங்கும் தன்னார்வக் குழு அவர்களைத் தேடுவதையே பணியாகக் கொண்டது. அதன் முயற்சியால் ஆயிரக்கணக்கான பெயர்கள் ஆணைக்குழுவின் பதிவில் சேர்ந்திருக்கின்றன.

அத்தேடலின் முறை ஒரு குற்றப் புலனாய்வை ஒத்தது. முதலில், அவர் படையில் இருந்தார் என்பதற்குச் சேவைப் பதிவு வேண்டும். இங்குதான் முதல் தடை. 1940 செப்டெம்பரில் ஜேர்மன் விமானத் தாக்குதலில் இலண்டனில் இருந்த போர்த்துறைக் களஞ்சியம் ஒன்று தீப்பற்றியதில், முதலாம் உலகப்போர்ச் சிப்பாய்களின் சேவைப் பதிவுகளில் ஏறத்தாழ 60 சதவீதம் அழிந்தது. எஞ்சியவை கருகியும் நனைந்தும் கிடைத்தவை. ‘எரிந்த ஆவணங்கள்’ என்றே அவற்றுக்குப் பெயர். அதனால் ஆய்வாளர்கள் ஓய்வூதியப் பதிவுகளை நாடுகிறார்கள். காயத்தாலோ நோயாலோ விடுவிக்கப்பட்டவர்களுக்கு 1916 முதல் வழங்கப்பட்ட வெள்ளிச் சின்னத்தின் பதிவேட்டைப் புரட்டுகிறார்கள்.

அடுத்தது மரணச் சான்றிதழ். அதில் வைத்தியர் எழுதிய காரணமும், படை அவரை விடுவித்தபோது எழுதிய காரணமும் பொருந்த வேண்டும். விடுவிப்புப் பத்திரத்தில் காசநோய் என்றும் சான்றிதழில் இருதயக் கோளாறு என்றும் இருந்தால் வழக்கு தளர்ந்துவிடும். விதவைக்குப் போர் ஓய்வூதியம் கிடைத்ததற்கான அட்டை ஒன்று அகப்பட்டால் வழக்கு வலுப்பெறும். கணவன் இறந்தது போரால்தான் என்று அரசாங்கமே ஒருமுறை ஒப்புக்கொண்டதற்கு அது சாட்சியல்லவா? அத்தகைய ஓய்வூதிய அட்டைகளும் பேரேடுகளும் அழிவை எதிர்நோக்கியிருந்த வேளையில், 2012இல் மேற்கு முன்னரங்கச் சங்கம் என்ற வரலாற்றுச் சங்கம் அவற்றைப் பொறுப்பேற்றுக் காப்பாற்றியது. அறுபது இலட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் அவ்வாறு தப்பின.

சேர்த்த சான்றுகளை ஆணைக்குழு முதலில் பரிசீலிக்கிறது. இறுதி முடிவு உரிய படைத்துறை அதிகாரிகளுடையது. ஏற்றுக்கொள்ளப்பட்டால் பெயர் பதிவேட்டில் ஏறும். புதைகுழி தெரிந்தால் கல் நாட்டப்படும். பிரித்தானியாவில் இறந்து புதைகுழி தெரியாமற்போனவர்களுக்காக புரூக்வுட் மயானத்தில் 2015இல் தனி நினைவுச்சின்னமே எழுப்பப்பட்டது. போர் தொடங்கி நூறாண்டு கடந்த பின்னும் புதிய பெயர்களுக்கு இடம் தேவைப்பட்டது.

பெயர் தெரிந்து, குடும்பம் தெரிந்து, செல்வாக்கும் இருந்தும் பதிவேட்டின் ஓர் எழுத்தால் கல்லறை மறைந்துபோன கதை ஒன்று உண்டு. எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங்கின் ஒரே மகன் ஜோன் கண்பார்வைக் குறைவால் படையில் மறுக்கப்பட்டவர். தந்தை தன் செல்வாக்கைப் பயன்படுத்தி அவரை ஐரிஷ் காவற்படையில் சேர்த்தார். 1915 செப்டெம்பர் 27ஆம் திகதி பிரான்சின் லூஸ் சமரில் ஜோன் காணாமற்போனார். அப்போது அவருக்கு 18 வயதும் ஆறு வாரங்களும். தந்தை பல ஆண்டுகள் தேடினார். உடன் போரிட்டவர்களை விசாரித்தார். மகனின் படைப்பிரிவுக்கு இரு பாகங்களில் வரலாறும் எழுதினார். ஆணைக்குழுவின் இலக்கிய ஆலோசகரும் அவரே. அடையாளம் தெரியாதோரின் கற்களில், அவர்களை இறைவன் அறிவான் என்ற பொருளில் பொறிக்கப்படும் சொற்களைத் தந்தவரும் அவரே. மகனும் அத்தகைய கல் ஒன்றின் கீழ்தான் கிடக்கிறார் என்று அறியாமலேயே 1936 ஜனவரியில் அவர் காலமானார்.

1919இல் லூஸ் பகுதியில் ஐரிஷ் காவற்படையின் லெப்ரினன்ற் ஒருவரின் உடல் எடுக்கப்பட்டுப் பெயரின்றி அடக்கம் செய்யப்பட்டிருந்தது. உடல் கிடைத்த இடத்தின் வரைபடக் குறியீட்டில் ‘எச்’ என்றிருக்க வேண்டிய எழுத்து ‘ஜி’ என்று பதிவாகியிருந்தது. அந்த எழுத்துப் பிழை இடத்தைச் சில மைல்கள் மேற்கே, அப்படையினர் போரிடாத பகுதிக்குக் கொண்டுபோய்விட்டது. அதனால் எவரும் இரண்டையும் தொடர்புபடுத்தவில்லை. ஆணைக்குழுவின் அலுவலர் ஒருவர் இதனைக் கண்டுபிடித்ததையடுத்து 1992இல் அக்கல்லில் ஜோன் கிப்ளிங்கின் பெயர் பொறிக்கப்பட்டது. இறந்தபோது ஜோன் இரண்டாம் லெப்ரினன்ற் மட்டுமே, பதவியுயர்வு வர்த்தமானியில் வந்தது நவம்பரில்தான் என்று சிலர் மறுத்து நூலும் எழுதினர். பதவியுயர்வு நடைமுறையில் அவ்வாண்டு ஜூனிலேயே கிடைத்திருந்தது என்பது பின்னர் தெளிவாகி, 2016இல் வேறு ஆய்வாளர்கள் கல்லறை அவருடையதே என்ற முடிவை உறுதிப்படுத்தினர். எழுபத்து மூன்று ஆண்டுகள் பெயரற்றிருந்த கல்லறைக்குப் பெயர் தந்தது ஒரு பழைய படிவமே.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. பிழையான படிவமாவது இருந்ததால் பிழையைத் திருத்த முடிந்தது. படிவமே எழுதப்படாதவர்களின் கதி என்ன?

நைரோபி, மொம்பாசா, தார் எஸ் சலாம் நகரங்களில் ஆபிரிக்கச் சிப்பாய்களுக்கும் சுமைதூக்கிகளுக்கும் எழுப்பப்பட்ட வெண்கலச் சிலைகள் நிற்கின்றன. நாட்டுக்காகப் போரிட்டு மடிந்தாலும் உன் பிள்ளைகள் உன் பெயரை நினைவில் வைத்திருப்பர் என்ற கருத்தை அவற்றுக்கு எழுதித் தந்தவர் அதே கிப்ளிங். ஆனால் அச்சிலைகளில் ஒரு பெயர்கூட இல்லை. ஐரோப்பிய வீரருக்குத் தனிக்கல், ஆபிரிக்கருக்குப் பொதுச்சிலை என்பது அன்றைய குடியேற்ற ஆட்சியாளரும் ஆணைக்குழுவும் சேர்ந்து எடுத்த முடிவு.

நம்மவர் நிலையும் முற்றிலும் வேறானதன்று. மெசப்பொத்தேமியாவில் இறந்து கல்லறை அறியப்படாத நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோருக்காக ஈராக்கில் எழுப்பப்பட்ட பஸ்ரா நினைவுச்சின்னத்தில், இந்தியப் படைகளின் அதிகாரிகளுக்கே பெயர் பொறிக்கப்பட்டது. ஏனைய இந்தியச் சிப்பாய்கள் படைப்பிரிவு வாரியாக வெறும் எண்ணிக்கையாக நின்றனர். 1914 நவம்பரில் கிழக்காபிரிக்காவின் தாங்காவில் இறக்கப்பட்ட படைகளில் 63ஆவது பாளையங்கோட்டை இலகு காலாட்படையும் இருந்தது. திருநெல்வேலிச் சீமையின் பெயரைத் தாங்கிய அப்படையைப் பற்றி நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

2021 ஏப்ரலில் ஆணைக்குழுவின் விசேட குழு தன் அறிக்கையை வெளியிட்டது. முதலாம் உலகப்போரில் மடிந்த ஆபிரிக்க, ஆசிய, மத்திய கிழக்கு வீரர்களில் 45,000 முதல் 54,000 வரையானோர் சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டனர் என்றும், குறைந்தது 116,000 பேர், ஒருவேளை 350,000 பேர் வரை, பெயரின்றியோ அறவே நினைவுகூரப்படாமலோ விடப்பட்டனர் என்றும் அது ஒப்புக்கொண்டது. ஆணைக்குழு மன்னிப்புக் கோரியது. 2025 ஜனவரியில் கேப்டவுனில் திறக்கப்பட்ட புதிய நினைவிடம், ஆபிரிக்கக் களங்களில் மடிந்த 1,700க்கும் மேற்பட்ட கறுப்பினத் தொழிற்படையினரைப் பெயரோடு நினைவுகூர்கிறது. 350,000 என்ற எண்ணுக்கு முன் அது சிறிது. ஆயினும் அதற்கு வழிசெய்தது மன்னிப்பு மட்டுமல்ல, பெயர்களைச் சுமந்த பழைய பதிவேடு ஒன்று தப்பியிருந்ததும்தான்.

ஆகவே, மறக்கப்பட்ட வீரனை மீட்பது பெரும்பாலும் அலுவலகக் களஞ்சியங்களோடும் வீட்டுப் பெட்டகங்களோடும் சம்பந்தப்பட்ட வேலை. இரண்டாம் உலகப்போரில் பர்மாவிலும் மலாயாவிலும் மத்திய கிழக்கிலும் பேரரசின் படைகளில் தமிழர்களும் இலங்கையர்களும் சேவையாற்றினர். பாட்டனார் ‘பட்டாளத்தில்’ இருந்தவர் என்று சொல்லும் குடும்பங்கள் இன்றும் யாழ்ப்பாணத்தில் உண்டு, தஞ்சையில் உண்டு, ரொறன்ரோவில் உண்டு. அவரது விடுவிப்புப் பத்திரமோ, ஓய்வூதியப் புத்தகமோ, படை எண் பொறித்த பதக்கமோ வீட்டில் இருக்குமானால் அதைப் பழைய கடதாசி என்று எறிந்துவிடாதீர்கள். 1947 முடிவதற்குள் அவர் இறந்திருந்தால், இறந்த திகதியையும் காரணத்தையும் ஊர்ப் பதிவாளரிடம் கேட்டுப் பெறுங்கள். ஆணைக்குழு புதிய பெயர்களுக்கான கதவை இன்னும் மூடவில்லை. ஆனால் அக்கதவைத் தட்டுபவரின் கையில் ஒரு சான்று இருக்க வேண்டும்.