பைக்குள் அடங்காத புரோகிராம்

ஏற்காடு மலையில் கொட்டச்சேடு போன்ற ஊர்களைச் சுற்றிக் காப்பித் தோட்டங்களைக் காணலாம். தண்ணீர் முறையில் பதப்படுத்துவதானால், பறித்த பழத்தை அன்றே தோலுரித்தாக வேண்டும். பிந்தினால் புளித்துச் சுவை கெடும். இது இயற்கை விதிக்கும் கெடு. போட்டிக்காக மனிதன் விதித்த கெடு ஒன்றின் கதையை இனிக் கேளுங்கள்.

அமெரிக்காவில் டீன் கேமன் 1989-இல் தொடங்கிய 'ஃபர்ஸ்ட்' அமைப்பு, 1992-இல் 28 குழுக்களைக் கொண்டு மாணவர் ரோபோ போட்டியை நடத்தியது. ரோபோவை ஆறு வாரத்தில் கட்டி முடித்து, பெட்டியிலோ பையிலோ அடைத்துவிட வேண்டும் என்பது பல்லாண்டு நடைமுறையாக இருந்தது. இரும்பையும் மோட்டாரையும் அடைத்து வைக்கலாம். ஆனால் ரோபோவை இயக்கும் புரோகிராமை எந்தப் பையில் அடைப்பது? அது கணிப்பொறியிலும் மாணவன் மூளையிலும் அல்லவா இருக்கிறது? எனவே கெடு முடிந்த பிறகும் புரோகிராம் எழுதலாம் எனப் பிற்கால விதிகள் இடங்கொடுத்தன.

இங்கேதான் சிக்கல் பிறந்தது. ரோபோ இல்லாமல் புரோகிராமைச் சோதிப்பது தரையில் நீச்சல் பழகுவது போன்றது. வசதியுள்ள குழுக்கள் அதேபோல் இன்னொரு ரோபோவைச் செய்து, அதில் பழகின. வசதியற்றோர் பையைப் பார்த்துக்கொண்டிருந்தனர். எல்லோருக்கும் ஒன்றாக இருந்த கெடு, பணத்தின் முன் சமமாக இல்லை. 2020 போட்டி முதல் இவ்விதி நீக்கப்பட்டது.

2004-இல் தொடங்கிய உலக ரோபோ ஒலிம்பியாட் வேறு வழியைக் கண்டது. அதன் இறுதிப் போட்டி 2016 நவம்பரில் நம் நாட்டில், டில்லி வட்டாரத்தில் நடந்தது. அப்போது ரோபோவை உதிரிப் பாகங்களாகவே கொண்டுவர வேண்டியிருந்தது. அன்று காலையில்தான் புதிய விதி ஒன்று அறிவிக்கப்படும். வீட்டில் எழுதிய புரோகிராமை அதற்கேற்ப அங்கேயே திருத்த வேண்டும். நேரம் முடிந்ததும் ரோபோவை நடுவர் மேசையில் வைத்துவிட வேண்டும். பிறகு அந்தச் சுற்று முடியும்வரை ஒரு வரியையும் மாற்ற முடியாது.

நாள்காட்டியால் பூட்ட முடியாத புரோகிராமை இந்த மேசை பூட்டியது. வீட்டில் பழகும் வசதி இன்னும் சமமில்லைதான். ஆனால் அன்று காலை வந்த கணக்கு எல்லோருக்கும் புதிது.

உங்கள் பள்ளியில் இத்தகைய போட்டி நடத்தினால், எத்தனை நாள் கெடு என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். அந்த நாட்களில் கணிப்பொறி யார் கையில் இருக்கும் என்பதையும் கேளுங்கள்.