தேக்காவில் ஒரு புதையல் வேட்டை

பள்ளி விடுமுறை நெருங்கும்போது பெற்றோர் சிலர் என்னிடம், "பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்லலாம்?" என்று கேட்பதுண்டு. விலங்குத் தோட்டம், அரும்பொருளகம் என்று வழக்கமான பதில்களைச் சொல்லிவிட்டு, இறுதியில் "டப்பா தேடப் போங்கள்" என்பேன். பெரும்பாலோர் நான் கேலி பேசுவதாக நினைத்துச் சிரிப்பார்கள். நான் கேலி பேசவில்லை. ஜியோகேச்சிங் என்ற பொழுதுபோக்கைத்தான் அவ்வாறு குறிப்பிடுகிறேன்.

இதன் முறை எளியது. ஒருவர் ஒரு சிறு டப்பாவைப் பொது இடத்தில் மறைத்து வைத்து, அவ்விடத்தின் அகலாங்கு நெட்டாங்கு எண்களை இணையத்தில் வெளியிடுவார். மற்றவர்கள் ஜி.பி.எஸ். கருவியின் துணையுடன் அதைத் தேடிக் கண்டுபிடித்து, உள்ளிருக்கும் தாளில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட வேண்டும். பரிசு ஏதும் இல்லை. டப்பாவில் பொன்னும் இல்லை, பொருளும் இல்லை. சிங்கப்பூரில் பெரும்பாலும் அது பழைய படச்சுருள் டப்பா அளவுதான் இருக்கும். சில, காந்தத்தால் இரும்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் சுண்டுவிரல் நகம் அளவுப் பொருள்கள்.

இந்தச் சிறிய டப்பாவின் பின்னே ஒரு பெரிய வரலாறு உண்டு. ஜி.பி.எஸ். என்பது அமெரிக்க இராணுவம் தன் தேவைக்காக உருவாக்கிய ஏற்பாடு. 1983 செப்டம்பர் 1ஆம் நாள், வழி தவறிச் சோவியத் வான்வெளிக்குள் நுழைந்த கொரியப் பயணிகள் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் மாண்டனர். அதன் பின்னரே அதிபர் ரீகனின் அரசு இவ்வசதியைப் பொதுமக்களுக்கும் இலவசமாகத் தருவதாக அறிவித்தது. எனினும் பொதுமக்களுக்கான அலைவரிசையில் வேண்டுமென்றே ஒரு பிழையைக் கலந்து வைத்திருந்தார்கள். ஏறத்தாழ நூறு மீட்டர் வரை தவறு நேரும். கப்பலுக்கு அது போதும். டப்பா தேடப் போதாது. 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அதிபர் கிளிண்டனின் ஆணைப்படி அப்பிழை நீக்கப்பட்டது. ஒரே இரவில் உலகெங்குமுள்ள கருவிகளின் துல்லியம் ஏறத்தாழப் பத்து மடங்கு உயர்ந்தது.

மறுநாள், மே 3ஆம் தேதி, அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்ற கணினி வல்லுநர், பீவர்கிரீக் என்னும் ஊருக்கு அருகே காட்டோரமாக ஒரு கறுப்பு வாளியை வைத்தார். உள்ளே ஒரு குறிப்பேடு, பென்சில், சில புத்தகங்கள், ஒரு கவண், ஒரு டின் அவரை. கிடைத்ததை எடுத்துக்கொண்டு வேறொன்றை வைத்துவிட்டுச் செல்ல வேண்டும் என்பதே அவர் வகுத்த விதி. மூன்றே நாட்களில் மைக் டீக் என்பவர் அதைக் கண்டுபிடித்தார். அம்மாத இறுதியில் மாட் ஸ்டம் என்பவர் 'ஜியோகேச்சிங்' என்ற பெயரை முன்மொழிந்தார். செப்டம்பரில் ஜெரமி ஐரிஷ் இதற்கென ஓர் இணையத்தளம் தொடங்கியபோது உலகில் இருந்தவை 75 டப்பாக்கள். இன்று முப்பது இலட்சத்திற்கும் மேல்.

ஒளித்துவைத்துத் தேடும் ஆசைக்குச் செயற்கைக்கோள் கட்டாயமில்லை. இங்கிலாந்தின் டார்ட்மூர் புல்வெளியில் 1854ஆம் ஆண்டிலேயே ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, எளிதில் எட்ட முடியாத ஒரு சதுப்பிடத்தில் கண்ணாடிக் குப்பி ஒன்றை வைத்து, அங்கு வரை நடந்து வந்தவர்கள் தம் முகவரிச் சீட்டை அதில் இட்டுச் செல்லும் வழக்கத்தைத் தொடங்கினார்.

ஆனால் மாணவர்களுக்கு நான் விரும்பிச் சொல்லும் கதை நம் தமிழ்நிலத்துக் கதை. புவியில் ஓரிடம் எங்கே இருக்கிறது என்பதை எண்களால் சொல்ல முன்னோர் பட்ட பாடு அதில் இருக்கிறது. 1802 ஏப்ரல் 10ஆம் நாள் வில்லியம் லாம்டன், சென்னைக்கு அருகே பரங்கிமலைப் பகுதியில் ஓர் அடிப்படைக் கோட்டை அளக்கத் தொடங்கினார். நூறடி நீள எஃகுச் சங்கிலியை மீண்டும் மீண்டும் கிடத்தி, ஏழரை மைல் தூரத்தை அளந்து முடிக்க ஐம்பத்தேழு நாட்கள் ஆயின. பின்னாளில் இமயம் வரை சென்ற மாபெரும் முக்கோண அளவைக்கு அதுவே முதல் கோடு. அரை டன் எடையுள்ள கோணமானியை அவர் உயரமான இடங்களிலெல்லாம் ஏற்ற வேண்டியிருந்தது. சமவெளியில் மலைக்கு எங்கே போவது? கோயில் கோபுரங்களைத் தேடினார். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் அக்கருவியை ஏற்றும்போது கயிறு அறுந்து, அது சுவரில் மோதிச் சேதமுற்றது. மனிதர் மனம் தளராமல் வாரக்கணக்கில் அமர்ந்து தம் கையாலேயே அதைப் பழுதுபார்த்தார். கைத்தொலைபேசித் திரையில் நீலப்புள்ளி அசைய இரண்டு நொடி தாமதமானால் உதட்டைச் சுழிக்கும் பிள்ளைகளுக்கு இக்கதை நல்ல மருந்து.

சிங்கப்பூரிலும் அப்படி ஒருவர் இருந்தார். ஜான் டர்ன்புல் தாம்சன் 1841இல் அரசாங்க நில அளவையாளராக இங்குப் பொறுப்பேற்றபோது அவருக்கு வயது இருபதுதான். சாலைகளையும் ஆறுகளையும் அளந்து வரைபடமாக்கியவர். 1851இல் ஒளிவீசத் தொடங்கிய ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்தைக் கட்டியவர். தாம்சன் சாலையில் நாள்தோறும் பேருந்தில் செல்லும் மாணவர்களில் எத்தனை பேருக்கு அப்பெயருக்குரியவரைத் தெரியும்?

அவர் இங்கு வந்த சில காலத்திலேயே இந்நகரம் தன் மிகப்பெரிய புதையலைத் தானே உடைத்துக்கொண்டது. சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில், ஏறத்தாழ மூன்று மீட்டர் உயரத்தில், ஐம்பது வரிகள் போல எழுத்துப் பொறித்த பாறை ஒன்று நின்றிருந்தது. 1843இல் கோட்டைப் பணிக்கு இடம் வேண்டுமென்று அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஜேம்ஸ் லோ என்ற அதிகாரி சில துண்டுகளைக் காப்பாற்றினார். அவற்றுள் ஒன்றை இன்றும் தேசிய அரும்பொருளகத்தில் காணலாம். அவ்வெழுத்தை இதுவரை எவரும் முழுமையாகப் படித்ததில்லை. அதில் தெரியும் சில எழுத்துகள் 'பரகேசரிவர்மன்' என்ற சோழர் பட்டத்தின் பகுதியாக இருக்கலாம் என்று 2019இல் ஓர் ஆய்வாளர் கருத்துரைத்தார். இருக்கலாம், இல்லாமலும் போகலாம். மற்ற வரிகள் கையில் இருந்திருந்தால் ஐயமே எழுந்திராது.

இனித் தேக்காவுக்கு வருவோம். வடக்கு அகலாங்கு 1 பாகை 18 கலை, கிழக்கு நெட்டாங்கு 103 பாகை 51 கலை. ஒரு கலை என்பது ஏறத்தாழ 1.85 கிலோமீட்டர். எனவே கலையின் மூன்றாம் தசம இலக்கம் இரண்டு மீட்டருக்கும் குறைவான தூரத்தைக் காட்டும். கணக்குப் பாடத்தில் தசமத்தை வெறுக்கும் மாணவன்கூட இங்கே கடைசி இலக்கத்துக்காக வாதிடுவான். ஆயினும் இரு பக்கமும் கடைவீடுகள் நெருங்கி நிற்கும் சந்துகளில் சமிக்ஞை சுவர்களில் பட்டுத் தெறித்து வருவதால் நீலப்புள்ளி சாலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தாவும். அப்போது கருவியைச் சட்டைப்பையில் போட்டுவிட்டுக் கண்ணால் தேடுவதே வழி.

கண்ணால் தேடத் தொடங்கினால்தான் தெருப்பெயர்கள் தெரிகின்றன. பஃபலோ சாலை ஆங்கிலத்தில் எருமை. அருகிலேயே கெர்பாவ் சாலை, மலாயில் எருமை. சற்றுத் தள்ளி லெம்பு சாலை, மலாயில் மாடு. ஒரே வட்டாரத்தில் இத்தனை கால்நடை எதற்கு? ரொச்சோர் ஆற்றின் நீரும் சதுப்பு நிலத்துப் புல்லும் இருந்ததால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாட்டு வணிகம் இங்கே செழித்தது. பெலிலியோஸ் சாலை ஒரு மாட்டு வணிகரின் பெயரைத் தாங்கியது. அதற்கும் முன்னர் இங்குச் செங்கற்சூளைகளும் சுண்ணாம்புக் காளவாய்களும் இருந்தன. அதனால் நம் மக்கள் இவ்விடத்தைச் 'சுண்ணாம்புக் கம்பம்' என்று அழைத்தார்கள். வீரமாகாளியம்மன் கோயிலுக்கும் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்றே பெயர் வழங்கியது. 'கம்பம்' என்பது மலாயின் 'கம்போங்'. இப்பெயர் இன்று எந்தப் பலகையிலும் இல்லை. என் வகுப்பில் இதைக் கேள்விப்பட்டவர்கள் இருவர். இருவரும் தம் பாட்டி சொல்லக் கேட்டவர்கள்.

எரிச்சல்களையும் சொல்ல வேண்டும். பட்டியல் பெரிது. மழை வந்து தாள் கூழாகிவிடும். கொசு கடிக்கும். நாற்பது நிமிடம் தேடியும் கிடைக்காமல் 'காணவில்லை' என்று பதிவிட்ட மறுநாளே வேறொருவர் 'மிக எளிது' என்று எழுதியிருப்பார். அதைவிடப் பெரிய இடர், மறைவாகத் தடவிப் பார்க்கும் செயலே ஐயத்துக்குரியதாகத் தோன்றுவது. 2011இல் இங்கிலாந்தின் வெதர்பி நகரில் உணவகம் ஒன்றின் வெளியே வைத்திருந்த டப்பாவை வெடிகுண்டு என்று அஞ்சி இராணுவ வல்லுநர்கள் வெடிக்கச் செய்தார்கள். ஆளில்லாப் பைகளைக் கண்டால் உடனே தெரிவியுங்கள் என்று ஒவ்வொரு ரயில் நிலையத்திலும் அறிவிக்கும் ஊர் நம்முடையது. 2013 டிசம்பர் 8ஆம் நாள் ரேஸ் கோர்ஸ் சாலையில் நடந்த கலவரத்திற்குப் பின்னர் லிட்டில் இந்தியாவில் விளக்குகளும் கேமராக்களும் கூடியுள்ளன. நான் கண்ணாடியும் தோள்பையுமாகக் குனிந்து எதையோ தேடினால் "ஆசிரியர் போலும்" என்று விட்டுவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஓய்வுக்கு வரும் ஊழியர் ஒருவர் அதையே செய்தால் எப்படிப் பார்ப்பார்கள் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

இவ்விளையாட்டில் மற்றோர் எழுதா விதி உண்டு. விளையாடாதவர்களுக்கு, ஹாரி பாட்டர் கதையிலிருந்து கடன் வாங்கி, 'மகிள்' என்று பெயர், மந்திரம் அறியாதவர். அவர்கள் கண்ணில் படாமல் எடுக்க வேண்டும். கேட்டால் மழுப்ப வேண்டும். இதனால் நான் ஒரு சங்கடத்தில் சிக்கினேன்.

ஒரு சனிக்கிழமைக் காலை, உயர்நிலை ஒன்றில் பயிலும் என் மாணவனுடன் சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தொன்றில் தேடிக்கொண்டிருந்தேன். உடன் வந்த அவன் தந்தை, "நீங்கள் தேடுங்கள்" என்று சொல்லித் தேக்கா சந்தைக்கு மீன் வாங்கப் போய்விட்டார். தண்ணீர்க் குழாயின் பின்புறம், படிக்கட்டின் அடி, மின்பெட்டியின் ஓரம் என்று அரைமணி நேரம் கழிந்தது. எதிரே மாலை கட்டிக்கொண்டிருந்த அம்மையார் எங்களையே பார்த்தபடி இருந்தார். பின்னர், "என்னங்க சார், சாவி தொலைஞ்சு போச்சா?" என்றார்.

"ஆமாங்கம்மா" என்றேன்.

மாணவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. அந்த அம்மையாரோ பூவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து, தாமும் குனிந்து இல்லாத சாவியைத் தேடத் தொடங்கிவிட்டார்! வாரந்தோறும் வகுப்பில் வாய்மை பற்றிக் குறள் விளக்கம் சொல்பவன் நான். அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. "மன்னிச்சுக்குங்கம்மா, சாவியெல்லாம் இல்லை" என்று தொடங்கி, செயற்கைக்கோள் முதல் டப்பா வரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மாணவனும் இடையிடையே திருத்தினான்.

அவர் வியக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. "அந்தச் சின்னப் பொட்டியா? கறுப்பா, மூடி போட்டு? காலையில பெருக்க வர்றவரு பழைய டப்பான்னு தூக்கிக் குப்பையில போட்டுட்டாரு. ரெண்டு மாசம் இருக்கும். அதுக்கப்புறம் உங்கள மாதிரி நாலஞ்சு பேரு வந்து தடவிட்டுப் போனாங்க. யாருமே ஒண்ணும் கேக்கல."

மாணவன் தன் பணத்தில் இரண்டு முழம் மல்லிகை வாங்கிக்கொண்டான். அன்று மாலை, டப்பா அகற்றப்பட்டுவிட்டது என்று அதை வைத்தவருக்குச் செய்தி அனுப்பினேன். அவர் நன்றி தெரிவித்துவிட்டு, எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள் என்று கேட்டிருந்தார். பூக்கடையில் விசாரித்தேன் என்று பதில் எழுதினேன்.